மாஸ்டர் வண்டியில் நாலு பேண்ட் ரேடியோ

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் படிக்கவில்லை என்பது அவர்கள் ஓட்டுகிற அழகிலேயே தெரிகிறது என்பார் அவர். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தத் தைரியத்தில், படிக்க வந்தவர் எதிரே வரும் லாரியைக் கட்டித் தழுவப் போனால்கூட, "கொஞ்சம் ஒதுங்கிப் போவோமா, சார்?" என்றுதான் கேட்பார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. யாரும் என்றால், வெளியாட்கள் யாரும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் முன்பின் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் பேசுகிற பொழுதுபோக்கு அது. மைக்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருவர் பேசி முடித்து "ஓவர்" என்று சொன்ன பிறகுதான் அடுத்தவர் வாயைத் திறக்க வேண்டும். அதற்குள் குறுக்கே புகுந்தால் இரண்டு பேச்சும் கெட்டுவிடும். இந்த ஒழுங்கை மாஸ்டர் மாதிரிக் கடைப்பிடித்தவர் கிடையாது. எதிராளி தன் முழங்கால் வலியைப் பற்றி எவ்வளவு நேரம் அளந்தாலும், ஓவர் வரும்வரை காத்திருப்பார். பிறகு, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் நண்பரே" என்பார். அந்தக் கூட்டத்தில் அவருக்குத் தேன்குரல் என்றே பெயர்.

தேன்குரலின் தேன் எல்லாம் அலைவரிசையிலேயே தீர்ந்துபோகும். வீட்டுக்குள் வரும்போது வெறும் ஜாடிதான் வரும். மனைவி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவர் அதற்கு நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு செய்தித்தாளைப் பிரிப்பார். ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

சொந்தக் காருக்கு ஒரு ரேடியோ வாங்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததிலிருந்து மனிதர் ஒரு நிலையில் இல்லை. ஒரு பேண்ட், அதாவது ஒரு அலைவரிசைத் தொகுதி, போதுமா, இரண்டு வேண்டுமா, நாலா? ஒரு பேண்டில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், இன்னொன்றில் பேசினால் கடல் தாண்டிப் போகும். அடுத்த தெருவோடு பேசவே மாஸ்டருக்கு நேரம் போதவில்லை. ஆனாலும் கடலை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அலைவரிசையில் அகப்பட்டவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். பல் டாக்டர் ஒருவர், நாலு பேண்டும் உள்ளதையே வாங்கச் சொன்னார். பிற்பாடு வருத்தப்படுவதைவிட இப்போதே வருத்தப்படுவது மேல் என்பது அவர் வாதம். பல் விஷயத்திலும் அவர் இப்படித்தான் பேசுவாராம். தையல் கடை வைத்திருக்கும் அக்கா, முகப்பு தனியாகக் கழன்று வருவதாகப் பார்க்கச் சொன்னாள். முகப்பை மட்டும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, கனமான பெட்டியைச் சீட்டுக்கு அடியில் ஒளித்துவிடலாம். இப்படி ஊரையே கேட்டுவிட்டு, முதல் நாளே மனதில் குறித்துவைத்திருந்த நாலு பேண்ட் பெட்டியையே வாங்கி வந்தார்.

கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல அவர் இவ்வளவு யோசிக்கவில்லை என்று மனைவி ஒருமுறை சொன்னாள். சொல்லத் தொடங்கினாள் என்பதே சரி. முடிப்பதற்குள் அவர் பேட்டரிக்கு ஒயர் இழுக்கப் போய்விட்டார்.

ஒயர் இழுத்த வேலையைக் குறை சொல்ல முடியாது. பேட்டரியிலிருந்து நேராக இரண்டு தடித்த ஒயர், இரண்டிலும் ஃபியூஸ், உரசுகிற இடத்திலெல்லாம் ரப்பர். ஆன்டெனாவுக்குக் கூரையில் துளை போடத் துளைப்பானோடு நின்றார். மனைவி சமையலறை ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்தாள். துளைப்பான் பெட்டிக்குள் போனது, ஆன்டெனா டிக்கி ஓரத்தில் கிளிப்பில் நின்றது. பெட்டியைப் பக்கத்துச் சீட்டுக்கு அடியில் திருகி முடித்ததும் அவள் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மைக்கை எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்டாள். யோசனை சொன்ன அத்தனை பேரும் கேட்காத கேள்வி. கொக்கி வாங்கி மாட்டாவிட்டால் அது எங்காவது விழுந்து கிடந்து, என்று அவள் தொடர்வதற்குள், அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் வெட்டிவிட்டார். மைக் அன்றிலிருந்து சீட்டுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவிலிருந்த இடுக்கில் குடியேறியது.

இன்னொரு காரியமும் செய்தார். ஒருவர் ஓயாமல் பேசினால் சில நிமிஷத்தில் தானே வாயை அடைத்துவிடும் வசதி அந்த ரேடியோவில் இருந்தது. பொத்தான் தெரியாமல் அழுந்திக் கிடந்தாலும் காப்பாற்றுவது அதுதான். ஆனால் எஞ்சின் சூட்டைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, பாதியில் அது அவர் வாயையே அடைத்துவிட்டது. நம் பேச்சை வெட்ட இது யார் என்று அந்த வசதியையே நிறுத்திவைத்தார். பேச்சு பாதியில் வெட்டுப்படுவது எவ்வளவு கசப்பு என்று அன்று அவர் வீட்டில் நீட்டி முழக்கினார். மனைவி அதைக் கடைசி வரை கேட்டாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பாலத்துக்கு அப்பால் திறந்திருக்கும் புதுக் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொன்னார்கள். அவள் நெடுநாள் ஆசைப்பட்ட இடம். ஆனால் அங்கே பஸ் கிடையாது, காலையில் சீக்கிரம் திறக்க வேண்டும். கார் ஓட்டினால் உண்டு, இல்லாவிட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்கு. திங்கட்கிழமை காலை வந்து சேர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். லைசென்ஸ் எப்போதோ எடுத்து அலமாரியில் இருந்தது. ஊருக்கே கற்றுக்கொடுப்பவரின் மனைவிதான் ஓட்டப் பழகவில்லை. ஆரம்பித்த ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் போட்ட சத்தத்தில் அழுதுகொண்டே இறங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கடைசி முயற்சி. பாலத்தைத் தாண்டிப் புதுக் கிளை வரை ஓட்டிவிட்டால் சரி என்று சொல்வது, முடியாவிட்டால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது.

ஞாயிறு காலை வழக்கம்போல மாஸ்டர் வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து ரேடியோ நண்பர்கள் சபையை நடத்தினார். ஒவ்வொருவர் முறையையும் பொறுமையாகக் கேட்டு, வாழ்த்துச் சொல்லி முடித்து, ஒலியைக் குறைத்து, மைக்கை இடுக்கில் போட்டார். மனைவி ஏறினாள். அவள் குள்ளம். பெடல் எட்டுவதற்காகச் சீட்டை முன்னால் இழுத்தாள். சீட்டின் ஓரம் போய் மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றது.

அந்த நொடியிலிருந்து காருக்குள் விழுந்த ஒவ்வொரு சொல்லும் ஊரெல்லாம் போனது. சபை முடிந்தும் ரேடியோவை அணைக்காமல் காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் வீட்டிலும் தேன்குரல் ஒலித்தது, தேன் இல்லாமல்.

தெரு முனை வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். கிளட்ச், கிளட்ச் என்றார். கண் எங்கே இருக்கிறது என்றார். எருமை மாடுகூட இதைவிட நன்றாகத் திரும்பும் என்றார். சொந்தக் காரில் அவர் காலடியில் பிரேக் இல்லை. வலது கால் தரைவிரிப்பை மிதித்து மிதித்து ஓய்ந்துபோனது. மனைவி ரேடியோவின் முகப்பைக் கவனித்தாள்.

"ஏங்க, அந்த ரேடியோல சிவப்பா ஒரு விளக்கு எரியுது. எப்பவும் இப்படி…"

"அது எரியும். நீ ரோட்டைப் பாரு."

கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டருக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. ஓயாமல் ஒலிபரப்பிய பெட்டி சீட்டுக்கு அடியில் அடுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. நீ ஓட்டுகிற லட்சணத்தில் சீட்டே கொதிக்கிறது என்று அந்தப் பழியையும் அவள் தலையில் போட்டார். போதாக்குறைக்கு, பல் டாக்டர் பேச்சைக் கேட்டு வாங்கியது வம்பாகிவிட்டது, அந்த ஆள் பல்லைப் பிடுங்குவதற்கு முன் பேசியே மயக்கம் வரவைக்கிறவன் என்றார்.

பெட்ரோல் பங்க் தாண்டியபோது எஞ்சின் அணைந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள், எப்படியோ, அவள் முந்திக்கொண்டாள்.

"ரேடியோல எவனோ இருமினாக்கூட, முடிக்கிற வரைக்கும் காத்திருந்து ஆறுதல் சொல்றீங்க. நான் பேசுறதை மட்டும் ஏங்க ஒரு தடவைகூட முடிக்க விடமாட்டேங்கறீங்க? எனக்கு ரோட்டைப் பார்த்துப் பயம் இல்லை. உங்க வாயைப் பார்த்துத்தான் பயம்."

"கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வா" என்றார் மாஸ்டர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொண்டுவந்தாள். இந்தப் பாலத்தைத் தாண்டாமல் திரும்புவதில்லை என்று அந்த நேரத்தில் அவளுக்குள் ஏதோ கெட்டிப்பட்டுவிட்டது. வண்டி கிளம்பியது.

அலைவரிசையில் இருந்தவர்கள் செய்வதறியாமல் தவித்தார்கள். மாஸ்டரின் பொத்தான் அழுந்தியிருக்கும்வரை யார் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது. போனில் கூப்பிட்டார்கள், அது வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்து தனியாக அலறியது. கடைசியில், வண்டி தன் கடைப் பக்கமாகத்தான் வருகிறது என்று பேச்சிலிருந்தே கண்டுகொண்ட தையல்கார அக்கா, கழுத்தில் அளவுநாடாவோடு நடுரோட்டில் வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

மாஸ்டர் கத்துவதற்கு மூச்சை இழுத்தார். தேவைப்படவில்லை. மனைவி கண்ணாடியில் பின்னால் பார்த்து, ஓரம் கட்டி, ஒரு குலுக்கல் இல்லாமல் நிறுத்தினாள். அக்கா ஜன்னலில் குனிந்தாள்.

"மாஸ்டர், உங்க மைக் ஆன்ல இருக்கு. எருமை மாட்டிலிருந்து எல்லாம் கேட்டுச்சு."

மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. இடுக்கில் கைவிட்டு மைக்கைப் பிடுங்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது. பழக்கத்தில் ஒலியைக் கூட்டினார். பிறகு பல் டாக்டரின் குரல் வந்தது.

"தேன்குரல், என்னைப் பத்திச் சொன்னதை அப்புறம் பேசிக்கலாம். உங்க வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. பதில் இன்னும் வரலை. நாங்க எல்லாரும் காத்திருக்கோம். ஓவர்."

ஓவர் சொல்லிவிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அது சபையின் சட்டம். மாஸ்டர் அத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் போதித்த சட்டம். வெட்கத்தில் அவருக்குக் காது மடல் வரை எரிந்தது. ஊர் கேட்டதற்காக வந்த வெட்கம் முதலில் இருந்தது உண்மை. பக்கத்தில் திரும்பி அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய், வேறொரு வெட்கம் வந்தது. இது அதைவிடப் பொல்லாதது. பொத்தானை அழுத்தாமல் மைக்கை மடியில் வைத்தார்.

"என் காலடியில பிரேக் இல்லை" என்றார். "பயந்துட்டேன். பயந்தா கத்துறேன். வண்டியிலயும் சரி, வீட்டுலயும் சரி. தப்புதான்."

அவள் உடனே இளகிவிடவில்லை. அவ்வளவு சுலபமாக இளகுகிறவள் இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியிருக்க முடியாது.

"சரி. இனிமே உங்க சட்டம்தான். நான் பேசிக்கிட்டு இருக்கேன்னு வச்சுக்குங்க. நான் ஓவர் சொல்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

மாஸ்டர் தலையாட்டினார். அக்கா நடைபாதைக்கு ஏறி வழிவிட்டாள். மனைவி கிளட்ச்சை மிதித்து, கியர் போட்டு, பாலம் ஏறினாள். நடுப் பாலத்தில் ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்தது. மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார், நிஜமாகவே ரத்தம் வந்தது. அவள் ஒதுங்கி, இறங்கி, புதுக் கிளையின் கதவுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை எடுத்தாள். ஓவர் சொல்லவில்லை. திரும்பி வரும்போதும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் தனியாகக் கிளம்பத் தயாரானாள். அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது, கார் போனால் கூடவே நாலு பேண்டும் போகும் என்று. பாடுபட்டு வாங்கிய ரேடியோ இனி பகலெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்து வாசலில் நிற்கும். மறுபடி அழுந்திவிடக் கூடாதென்று, மூச்சு விடாமல் மைக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ரேடியோவை மட்டும் அவளுக்குக் கேட்கும்படி வைத்துவிட்டு இறங்கினார். பழைய கைரேடியோவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு பால்கனியில் போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தையல்கார அக்காவின் குரல் வந்தது. மாஸ்டரின் வெள்ளைக் கார் கடையைத் தாண்டிவிட்டது, சிக்னல்கூடப் போட்டது என்றாள். அடுத்து பல் டாக்டர். தன் மாடி ஜன்னலிலிருந்து பாலம் தெரிகிறது, வண்டி நிதானமாக ஏறுகிறது என்றார். அதற்கப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு நண்பர், வீட்டம்மா வந்து சேர்ந்துவிட்டார்கள் என்றார். அவள் காரில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது மாஸ்டர் கைரேடியோவைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெருமை அவருக்குத் தன்னைப் பற்றிக்கூட வந்ததில்லை.

"தேன்குரல், கேக்குதா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஓவர்" என்றார் பல் டாக்டர்.

மாஸ்டர் பொத்தான் வரை கட்டைவிரலைக் கொண்டுபோய் எடுத்துவிட்டார். மனைவி இன்னும் ஓவர் சொல்லவில்லையே.