பத்து நிமிஷம் முந்திய கடிகாரம்

போன வாரம் நாகர்கோவிலிலிருந்து அக்கா வந்திருந்தாள். பெருங்காயம் என்றால் எங்கள் ஊர் ஆரியசாலைப் பெருங்காயம்தான், மற்றதெல்லாம் மைதா மாவு என்பது அவளுடைய கட்சி. வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சாலையைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோக்காரர் பின்பக்கச் சந்தில் வண்டியை விட்டார். சந்து முடிகிற இடத்தில் செடிகொடி மூடிய ஒரு ஓட்டுக் கட்டிடம்.

"லேய் தம்பி, இது நம்ம பழைய ஸ்டேஷன்லா?"

"அது எங்கயோ இருக்கு. இது வேற" என்றேன். பச்சைப் பொய். அந்தக் கட்டிடத்தைப் பார்க்கக் கூடாதென்றே நாற்பது வருஷமாக ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். என் பேச்சை அக்கா என்றைக்குக் கேட்டாள்? முட்டுவலியோடு இறங்கி உள்ளே நடந்துவிட்டாள். பின்னாலேயே போனேன்.

தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்து எடுத்திருந்தார்கள். அது கிடந்த பள்ளத்தில் ஒரு பப்பாளி மரம் காய்த்து நின்றது. பெயர்ப் பலகையின் இரண்டு தூண்கள் மட்டும் இருந்தன, பலகை இல்லை. டிக்கெட் ஜன்னலின் அரைவட்ட ஓட்டையில் குளவி கூடு கட்டியிருந்தது. மூலையில் அடுக்கிவைத்த பழைய தண்டவாளக் கட்டைகளிலிருந்து இன்னமும் தார் வாசனை வந்தது. வேண்டாம் என்று நினைத்தபோதே கண் மேலே போய்விட்டது. சுவரில் வெளிறிய ஒரு வட்டம். கடிகாரம் இருந்த இடம்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது எப்போதும் பத்து நிமிஷம் முந்தி ஓடும். பழுதாகி அல்ல, எங்கள் சின்ன வயதில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். மலையாள ஊரில் 'சாலை' என்ற கடைத்தெருவில் குடியிருந்த தமிழர்கள் நாங்கள், வண்டி கிளம்பும்போதுதான் மூட்டையும் பிள்ளைகளுமாக ஓடி வருவோம் என்பது அவருடைய அனுபவம். ஆனால் நாங்கள் லேசுப்பட்டவர்களா? ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டோம். அதன்பின் எங்கள் தெருவில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட ஸ்டேஷன் மணியில் பத்தைக் கழிக்கத் தெரியும். கழித்துவிட்டு, பழையபடி ஓடிப்போய் ஏறுவோம். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

பிறகு எனக்குப் பொன்முடியில் ஒரு எஸ்டேட் ஆபீஸில் கிளார்க் வேலை கிடைத்தது. மலையிலிருந்து இறங்குவதே அபூர்வம். முதல் சம்பளத்தில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். தினமும் காலையில் தேயிலை ஃபாக்டரிச் சங்கு ஊதும்போது அதைச் சரிபார்த்துக்கொள்வேன். அந்த வாட்ச் கட்டிய கையை ஆட்டாமல் எனக்குப் பேச வராது. அப்படி ஒரு மிதப்பு.

அப்போதுதான் மாமாவுக்கு முடியவில்லை என்று நாகர்கோவிலிலிருந்து செய்தி வந்தது. மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அக்கா அங்கே வாக்கப்பட்டிருந்ததால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். 'மாமா அம்மையையே கேக்காரு, உடனே கூட்டிட்டு வா' என்று அடுத்த கடை போனிலிருந்து என் ஆபீஸுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். நான் காலை பஸ்ஸில் மலையிறங்கி வீட்டுக்கு வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நாலரைக்கு பாசஞ்சர். ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை. அங்கிருந்தே கடிகாரம் தெரியும். நாலு இருபது காட்டியது. என் வாட்சும் நாலு இருபது. ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஊர்க் கணக்கோடு ஒத்துப்போய்க் கெட்டவன் நான். அது நாலு இருபது என்றால் நிஜ மணி நாலு பத்துதானே? அப்படியானால் என் வாட்ச்தான் பத்து நிமிஷம் ஓடிவிட்டது! நின்ற இடத்திலேயே திருகி, பத்து நிமிஷம் பின்னுக்கு வைத்தேன். சரியாக ஓடிக்கொண்டிருந்த வாட்சை.

"இன்னும் இருபது நிமிஷம் கெடக்கும்மா. காலையிலேர்ந்து நீ பச்சத் தண்ணி குடிக்கல்ல. ஒரு டீ குடி."

"வேண்டாம் மக்கா. அங்க போயி நிப்போம்."

"நாந்தான் சொல்லுகேன்லா?"

டீ சூடாக இருந்தது. அம்மா ஊதி ஊதிக் குடித்தாள். வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. எதிர்வண்டியாக இருக்கும் என்றேன். விசில் கேட்டபோதுதான் டம்ளரைக் கீழே வைத்தேன். ஓடினோம். கடைசிப் பெட்டியின் முதுகைத்தான் பார்த்தோம்.

டிக்கெட் கொடுப்பவர் ஜன்னல் வழியே சொன்னார்: "புதிய மாஸ்டர் வந்நில்லே? க்ளாக் இப்போள் கரெக்டாணு." புது மாஸ்டர் வந்து கடிகாரத்தைச் சரியான மணிக்கு மாற்றிவிட்டாராம்.

அம்மா நாலடி தள்ளி நின்றாள். அவள் காதில் விழவில்லை என்று நினைத்தேன். "வண்டி பத்து நிமிஷம் முந்திப் போயிட்டும்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "செரி மக்கா, பஸ்ஸுக்குப் போவோம்" என்றாள்.

பஸ் போய்ச் சேர்ந்தபோது எட்டு. மாமா ஏழு மணிக்குப் போய்விட்டார். 'அக்கா வந்தாச்சா, அக்கா வந்தாச்சா' என்று அம்மாவைத் தேடிக் கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த வண்டி ஆறரைக்கே எங்களைக் கொண்டுபோய் இறக்கியிருக்கும்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள். "அந்த நாசமாப்போற வண்டி பத்து நிமிஷம் முந்திப் போயிட்டு." அதையே ஆயுசு முழுவதும் சொன்னாள். கல்யாண வீட்டில், கோயில் நடையில், ரயில் என்று யார் பேச்சை எடுத்தாலும் சாபம்தான். அதன்பின் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், பேச்சை மாற்றிவிடுவேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுவதும் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

சுவரில் இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறுபத்தைந்து வயதில், ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அழுதேன்.

அக்கா பெருங்காயப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மைக்குத் தெரியும்லே. அன்னைக்கு ராத்திரி அடுக்களையில எங்கிட்ட சொன்னா. 'அவன் வாட்சத் திருகுனத நான் பாத்தேன். புள்ளகிட்ட ஒண்ணும் கேட்டுராத. அவன் தாங்கமாட்டான். வண்டி முந்திப் போச்சுன்னே இருக்கட்டும்'னா."

முப்பது வருஷம் சாலைக் கடைத்தெருவில் இருந்தவளுக்கு டிக்கெட்காரர் சொன்ன அந்த ஒரு வரி மலையாளமா புரிந்திருக்காது? இதுகூடத் தோன்றாத முட்டாள் நான். தம்பி முகத்தைப் பார்க்க முடியாத துக்கத்தோடு இதையும் சுமந்திருக்கிறாள்.

வண்டி இல்லை, தண்டவாளம் இல்லை, டீக்கடை இருந்த இடத்தில் ஏதோ குடோன். மாமா வீட்டை விற்றாயிற்று. கேட்க அம்மாவும் இல்லை.

"வண்டி நேரத்துக்குத்தாம்மா போச்சு" என்று அந்த வட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அக்கா காதில் விழாதவள்போல் ஆட்டோவை நோக்கி நடந்தாள்.