கன்னியப்பன் கேட்ட ஒரே உதவி

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டை மூடும் நேரம். ஜீப் டிரைவர் முனிரத்தினம் மாமல்லபுரம் முகாமிலிருந்து நேராக என் மேசைக்கு வந்தார். "கன்னியப்பன் சார் பூட்டாரு சார். மூச்சு முட்டிக்கினே இருந்துச்சு, வெடிகாலையில அடங்கிடுச்சு" என்றார்.

செங்கல்பட்டில் எங்கள் சாலைப் பணி அலுவலகத்தில் கன்னியப்பன் அவர்கள் டைப்பிஸ்ட். நான் மேனேஜர், லீவும் மாற்றலும் என் மேசை வழியாகத்தான் போகும். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியும், அதிகாரிகளிடம் இங்கிலீஷில் கேட்டால்தான் காரியம் நடந்தது. பியூன்களும் டிரைவர்களும் மேஸ்திரிகளும் தலையைச் சொறிந்து நின்றுவிட்டுத் திரும்புவார்கள். அதைக் காணச் சகிக்காமல் கன்னியப்பன் அவர்கள் சனிக்கிழமை மதியங்களில் ரிக்கார்டு ரூமில் அவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு எடுத்தார்.

வகுப்பென்றால் நாடகம்தான். நான் நாற்காலியில் துரையாக உட்கார்ந்து, யார் எதைக் கேட்டாலும் மூன்று முறை மறுக்க வேண்டும். "கெஞ்சாதீங்க, அதட்டாதீங்க. கேளுங்க. இல்லேன்னு சொன்னா, தேங்க் யூ சொல்லிட்டு நிமிர்ந்து வாங்க" என்பார். முனிரத்தினம் மகள் கல்யாணத்துக்கு நிஜ அதிகாரியிடமே இங்கிலீஷில் நாலு நாள் லீவு கேட்டு வாங்கி வந்தபோது அலுவலகமே கொண்டாடியது. எனக்கோ துரை வேஷம் தலைக்கேறிவிட்டது. மறுப்பதில் ஒரு குஷி.

கடற்கரைச் சாலை வேலை தொடங்கியது. மாமல்லபுரம் முகாமுக்கு ஒரு டைப்பிஸ்டின் பெயரை நான் எழுதி அனுப்ப வேண்டும். அந்தச் சனிக்கிழமை வகுப்பில் கன்னியப்பன் அவர்களே என் எதிரில் வந்து நின்றார். உப்புக்காற்று தன் மூச்சிளைப்புக்கு ஆகாது, செங்கல்பட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று அழகான இங்கிலீஷில் கேட்டார். வாத்தியாரே நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்தேன். மூன்று முறை "நோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "தேங்க் யூ, சார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவர் இருமுவதைக் கேட்டிருக்கிறேன். யார்தான் இருமவில்லை என்று இருந்துவிட்டேன். தனிக்கட்டை, முணுமுணுக்காத மனிதர் என்று திங்களன்று அவர் பெயரையே எழுதினேன்.

இறுதிச் சடங்குக்குப் போகும் வழியில், ஜீப்பை ஓட்டிக்கொண்டே முனிரத்தினம் சொன்னார்: "அன்னிக்கு அவரு நெஜமாத்தான் கேட்டாரு சார். நீங்க தமாஷுன்னு நெனச்சிக்கினீங்க."

ஏனய்யா முன்பே சொல்லவில்லை என்று கத்தினேன். போன மாதம் முகாமில்தான் முனிரத்தினத்துக்கே தெரிந்ததாம். கன்னியப்பன் அவர்கள் வாயைத் திறக்கக் கூடாதென்று தடுத்துவிட்டாராம். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று, இனிமேல் கேட்டால் அது கெஞ்சல் என்றாராம்.

ஐயா, என்னிடம் ஒரே ஒரு தரம் கெஞ்சியிருக்கக் கூடாதா? இல்லை, தப்பு உங்களுடையதல்ல. உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

நேற்று ஆறு பேர் என் மேசை முன் நின்றார்கள். கன்னியப்பன் அவர்களின் கருமாதிக் காரியத்துக்குப் போக லீவு வேண்டும். முனிரத்தினம் இங்கிலீஷில் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் ஆறு தாள்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போய் வாருங்கள், கன்னியப்பன். உங்களுக்காக என்னால் போட முடிந்த கையெழுத்து அதுதான்.