ஒஸ்லோவில் ஒரு செக் துப்பறிவாளர்

வெளியே பனி கொட்டுகிறது. ஒஸ்லோவின் குளிருக்குப் பயந்து, குறொன்லாண்ட் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரையரங்கில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஓடுவது பழைய கறுப்பு வெள்ளை செக் படம். கீழே வரும் எழுத்து நார்வேஜிய மொழி. எனக்கு இரண்டும் தெரியாது. மாளிகையில் ஒரு பணக்காரர் கொலையாகிவிட்டார், தொப்பைக்காரத் துப்பறிவாளர் தப்பான ஆட்களையே பிடிக்கிறார் என்பது மட்டும் புரிகிறது.

"ஐயோ விசரா, திரைச்சேலைக்குப் பின்னாலை பார்!"

பக்கத்து இருக்கையில் நடுவயதுப் பெண் ஒருவர். யாழ்ப்பாணத் தமிழ்!

"அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்சம் சொல்றீங்களா?"

"இந்தியாவோ? ஓம், வாசிச்சுச் சொல்லுறன்."

அவர் கிசுகிசுக்கத் தொடங்கியதும் முன்வரிசைக் கிழவர் திரும்பி ஏதோ சொல்கிறார். திட்டுகிறார் என்று நினைத்து எழுகிறேன்.

"இருங்கோ தம்பி. கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டாராம். தனக்கும் சொல்லட்டாம்."

கிழவர் அக்காவின் மறுபக்கம் வந்து உட்காருகிறார். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் நார்வேஜியம்.

கடைசிக் காட்சியில் துப்பறிவாளர் ஒருவனுக்கு விலங்கு மாட்டுகிறார். அந்த நேரம் பார்த்து, செத்தவர் கொட்டாவி விட்டபடி எழுந்து வருகிறார். துப்பறிவாளர் ஏதோ கத்துகிறார். அரங்கமே வெடிக்கிறது. அக்காவுக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை. நானும் கிழவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உலுக்குகிறோம். படம் முடிந்து விளக்குகள் எரிகின்றன.

அக்கா கண்ணைத் துடைக்கிறார். "செத்தவரைப் பாத்துச் சொல்லுறான், 'நான் கொலைகாரனைப் பிடிச்சிட்டன், நீர் மரியாதையாய்ப் போய்த் திரும்பப் படுத்துக்கொள்ளும்!'"

நான் மட்டும் தனியாகச் சிரிக்கிறேன். கோட்டு மாட்டிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அக்கா மறுபக்கம் திரும்பி, அதையே நார்வேஜிய மொழியில் சொல்கிறார்.

இப்போது கிழவரின் முறை.