முதுகுக்குப் பின்னால் காட்டிய விரல்

போன ஞாயிற்றுக்கிழமை நான் துரோகியாகிவிட்டேன். ஒரு வொலிபோல் மேட்ச் மனுஷனைக் கொண்டுபோய் மாரியம்மன் முன்னால் சத்தியத்துக்கு நிறுத்துமா? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நிறுத்தியது.

எங்கள் கேப்டன் செல்லமுத்து வலைக்குப் பக்கத்தில் நின்று, முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவார். ஒரு விரல் என்றால் பந்து இடப்பக்கத்து ஆளுக்கு... இரண்டு என்றால் வலப்பக்கம். எதிரே நிற்பவர்களுக்கு விரல் தெரியவே தெரியாது. அப்படியும் டிக்கோயாப் பக்கமிருந்து வந்த டீம், பந்து எழும்புமுன்பே சரியான இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. படுதோல்வி!

அந்த டீமில் ஆடும் ராசு என் மனைவியின் தம்பி. போதாதா?

"என்னண்ணே, மச்சினனுக்கு விரல் கணக்கச் சொல்லிக் குடுத்துட்டீங்களா?" என்றார் செல்லமுத்து.

"இல்லப்பா."

"அப்ப கற்பூரத்த அணைங்க."

எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் லயத்துக் குடியிருப்பில் மறுபேச்சு இல்லை. செய்யாவிட்டால்? வருஷா வருஷம் திருவிழாவில் அம்மன் கரகம் எடுப்பவன் நான். "இந்தக் கை இனிமே கரகத்தத் தொடலாமா?" என்று கோயில் வாசலிலேயே ஒரு குரல். ஆனால் ஒரு பந்து விளையாட்டுக்காக அம்மனைச் சாட்சிக்கு இழுப்பதா? நெஞ்சு உறுத்தியது.

பூசாரி கற்பூரம் கொளுத்தினார். கையை நீட்டினேன். அக்கா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ராசு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தான்.

"விடுங்க மச்சான்! இவரு ஒண்ணுஞ் சொல்லல. நாங்க விரலையே பாக்கல. ஒங்களுக்குப் பின்னால மேட்டுல இருந்த ஒங்க சனத்தத்தான் பாத்தோம்!"

மேட்டில் இருப்பவர்களுக்கு விரல் பளிச்சென்று தெரியும். கண்டதுமே அத்தனை தலையும், அடிக்கப்போகிற ஆள் பக்கம் திரும்பும் — பந்து போகுமுன்பே.

"மொதல்ல திரும்புற தலை யாரோடது தெரியுமா கேப்டன்? ஒங்க வீட்டுக்காரம்மாதான்!"

கோயில் என்றும் பாராமல் கூட்டம் சிரித்தது. செல்லமுத்து மரியாதையாகத் தோளிலிருந்து துண்டை எடுத்தார். "மன்னிச்சிருங்கண்ணே. கரகம் நீங்கதான் எடுக்கணும்."

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. அம்மன் என்னை அந்தச் சங்கடத்தில் விடவில்லை. யோசித்துப் பார்த்தால், தன் டீமின் ரகசியத்தைக் காட்டிக் கொடுத்தவன் ராசு ஒருவன்தான் — எனக்காக. அவன் அங்கே என்ன பாடு படுகிறானோ...

எதிரிக்குத் தெரியாமல் மறைக்க எவ்வளவோ வழி தேடுகிறோம். நம்மேல் ஆசை வைத்தவர்களின் முகத்தை எங்கே ஒளிப்பது?

அடுத்த மேட்சில் சனமெல்லாம் முதுகைக் காட்டி உட்காரவேண்டும் என்று கேப்டன் உத்தரவு. அவர் வீட்டுக்காரம்மா கேட்டாராம்: "அப்ப யாரு பாக்கன்னு ஆடப் போறீங்க?"