எந்தப் பாசலில் பன்றி?

எண்பதுகளின் நடுப்பகுதியில், அரபு நாட்டில், புஜைராவில் நடந்தது இது. யாழ்ப்பாணத்தில் இருந்து போய் அங்கே ஒரு போர்த்துக்கீசர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர், நான் சேர் என்று கூப்பிடுவது, துறைமுகத்தில் என்ஜினியர். மேடத்துக்கு வெளியில் வேலை இல்லை. என்னைத் திருத்துவதுதான் முழுநேர வேலை.

அந்த வீட்டில் பிபானா என்று ஒரு சாப்பாடு. சேருக்கு அது இல்லாமல் ஒரு கிழமை ஓடாது. பன்றி இறைச்சியை மெல்லிய துண்டுகளாக வெட்டி, உள்ளிப்பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, சிவப்பு மிளகாய்த் தூள், வெள்ளை வைன் எல்லாம் போட்டு முதல்நாளே ஊற வைக்க வேண்டும். காலையில் பன்றிக் கொழுப்பிலே வாட்டி எடுத்து, நீட்டு ரொட்டிப் பாணைப் பிளந்து, தாச்சியில் மிஞ்சிய குழம்பில் பாணைத் தோய்த்து, இறைச்சியை உள்ளே வைத்து மூட வேண்டும். பன்றியை துபாயில் ஒரு கடையின் பின்னறையில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து மலைப்பாதையால் கொண்டுவருவார்கள். நான் சைவக்காரி. மூச்சை அடக்கிக்கொண்டு சமைக்கப் பழகிவிட்டேன். வயிறு இருந்தால் எல்லாம் பழகும்.

சேரின் டிரைவர் எங்கள் நாட்டு முஸ்லிம் ஆள். கிழக்குப் பக்கம். நான் நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அந்த வீட்டில் என்னோடு தமிழ் பேசியது அவர் ஒருவர்தான். சந்தையில் கறிவேப்பிலை கண்டால் எனக்கென்று வாங்கிவந்து குசினி யன்னலில் வைத்துவிட்டுப் போவார். அதற்குப் பதில் நான் என்ன செய்ய? சேருக்குப் பாண் செய்கிற நாளில் நானாவுக்கும் ஒன்று செய்தேன். பன்றி இல்லை. ஹலால் கோழி. வைனுக்குப் பதில் வினாகிரி, பன்றிக் கொழுப்புக்குப் பதில் பட்டர். தாச்சியைத் தேய்த்துக் கழுவி, முதலில் அவருடையதைப் பொரித்துப்போட்டுத்தான் பன்றியைத் தொடுவேன். இரண்டும் வெள்ளித்தாளில் சுற்றினால் ஒரே மாதிரி இருக்கும். அதனால் நானாவின் பாசலுக்கு வெள்ளை நூல் கட்டுவேன்.

ஒரு நாள் சேரும் நானாவும் போன பிறகு குசினி மேசையைத் துடைத்தேன். வெள்ளை நூல் மேசையிலே கிடந்தது.

மேடத்திடம் ஓடினேன். வெள்ளித்தாள் கிழிந்து குழம்பு ஒழுகியதாம். இரண்டையும் பிரித்துப் புதிதாகச் சுற்றினாளாம். ஒன்றைச் சேரின் பையில் வைத்தாளாம், மற்றதைக் காரின் முன் சீட்டில் வைத்தாளாம். எது எங்கே என்று கேட்டேன்.

"சேம் சேம்" என்றாள். நகத்துக்குப் பூச்சுப் போட்டுக்கொண்டு.

அந்த மனிதன் ஐந்து வேளை தொழுகிறவர். தெரியாமல் பன்றியைத் தின்னக் கொடுத்தால் அந்தப் பாவம் யார் தலையில்? அதுவும் என் கையால் செய்து கொடுத்தது என்று நம்பித் தின்பார். விஷயம் வெளியே வந்தால் போலீஸ், பிறகு ஊருக்குப் பிளேன். மேடத்தையா பிடிப்பார்கள்? என்னைத்தான். துறைமுகத்துக்குப் போன் பண்ணச் சொன்னேன். சேர் கப்பலில் ஏறியிருப்பார், இதற்கெல்லாம் கரைச்சல் கொடுக்க முடியாது என்றாள். டிரைவர் மணந்து பார்த்துக் கண்டுபிடிப்பானாம். நாய் என்று நினைத்தாளோ தெரியாது.

அந்தக் கோபத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. கேட்காமல் வாசலைத் தாண்டினால் வேலை போகும் என்று தெரியும். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினேன்.

ஆனி மாதத்து வெயில். ரோட்டில் ஒரு குருவி இல்லை. கன நேரம் நின்று பாகிஸ்தான் பட்டாணியன் ஒருவனின் டாக்சி கிடைத்தது. எனக்குத் தெரிந்த ஹிந்தி எல்லாம் "ஜல்தி பாய், ஜல்தி" மட்டும்தான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, யாருக்காவது சுகமில்லையா என்று கையால் கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். பாவம், அவன் நிஜமாகவே பறந்தான். போகிற வழியில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. மத்தியானத்து லுஹர் தொழுதுவிட்டுத்தான் நானா சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். தொழுகை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். எனக்குத் தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டேன். அவருடைய கடவுளையும் கூப்பிட்டேன், இது அவருடைய விஷயம்தானே என்று.

துறைமுக வாசலில் காவல்காரன் மறித்தான். "மாஃபி, மாஃபி" என்று கையை விரித்தான். அவனோடு மல்லுக்கு நிற்கும்போதே, வெளியே கார்கள் நிற்கிற இடத்தில், தகரக் கூரையின் நிழலில் நானாவைக் கண்டேன். பேப்பர் விரித்து இருந்தார். பக்கத்தில் வெள்ளித்தாள் பிரிந்து கிடந்தது. நானாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

"நானா, துப்புங்கோ! துப்புங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது.

அவர் எழும்பி நின்றுவிட்டார். "என்ன தங்கச்சி? ஆருக்கு என்ன? வெயிலுக்க இப்பிடி ஓடி வாறீங்க?"

"அந்தப் பாண். அது மாறிப்போச்சு. அதில பன்றி இருக்கும். துப்புங்கோ முதல்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் முன்னால் இருந்த டிபன் தட்டைக் காட்டினார். சோறும் பருப்பும். அவருடைய அறையில் ஆட்கள் சேர்ந்து சமைப்பது.

"நான் என்ட சோத்தத்தான் தின்னுறன்" என்றார்.

அப்போதுதான் பக்கத்தில் இருந்த மற்றவனைப் பார்த்தேன். கோவாக்காரன், அங்கே வாட்ச்மேன். கழுத்தில் சிலுவை தொங்கியது. கடைசித் துண்டைப் பாணோடு வாயில் வைத்து, விரலில் வழிந்த குழம்பை நக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பன்றி வந்திருக்கிறது, இதுவரை வந்த கோழியை விட ஆயிரம் மடங்கு நல்லது, நாளைக்கும் இதையே அனுப்பு என்று ஹிந்தியில் சொன்னதை நானா தமிழில் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிர் திரும்பி வந்த அடுத்த நிமிஷம் கோபம் வந்தது.

"அப்ப இவ்வளவு காலமும்?"

நானா நிலத்தைப் பார்த்தார். "இவர்தான் தின்னுற."

"விடிய எழும்பி உங்களுக்கெண்டு செய்யிறன். கோழி ஹலால் கடையில வாங்கினது. வைன் ஒரு சொட்டும் விடுறேல்லை. தாச்சியைத் தேய்ச்சுக் கழுவி, முதல் உங்கடதைத்தான் பொரிக்கிறன். பிறகு என்ன குறை?"

"குறையொண்டுமில்ல. தாச்சி ஒண்டுதானே தங்கச்சி."

"வேண்டாமெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாந்தானே?"

"ஆசையாத் தாறீங்க. மூஞ்சிக்கு முன்னால எப்பிடி வேணாண்டு சொல்லுற?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "வெள்ளிக்கிழமையில நீங்க தனியாச் சின்னச் சட்டியில ஆக்கித் தின்னுறீங்க. மத்தச் சட்டியெல்லாம் கழுவித்தானே இரிக்கி? நான் ஏனெண்டு கேட்டனா?"

அவர் சொன்னது உண்மை. வெள்ளிக்கிழமை நான் விரதம். பன்றி பட்ட சட்டி எதையும் அன்றைக்குத் தொடமாட்டேன். உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு சின்ன அடுப்பும் அலுமினியச் சட்டியும் வைத்துச் சமைப்பேன். எனக்கு அது சரியாகப் பட்டது. அதே தாச்சியில் பொரித்ததை இன்னொரு மனிதனுக்கு ஆசையாகச் சுற்றிக் கொடுத்ததும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. இரண்டையும் ஒரு நாளாவது சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என்னைப் போல ஒரு மொக்கு உண்டா?

நானா போய் என் செருப்பை எடுத்துவந்து முன்னால் வைத்தார். சோறு ஆறிக் கிடந்தது. அதை அப்படியே மூடிவிட்டு, சேர் கப்பலில் இருந்து இறங்குவதற்குள் என்னைக் காரில் கொண்டுவந்து வீட்டு மூலையில் இறக்கினார். வழியில் நான் அழுதேன்.

மேடம் வாசலிலேயே நின்று திட்டினாள். வாங்கிக்கொண்டேன். பின்னேரம் சேர் வந்து, இன்றைக்கு இறைச்சி என்ன இவ்வளவு காய்ந்திருந்தது என்று கேட்டார். மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேலை போகவில்லை. போயிருந்தாலும் நான் துறைமுகத்துக்கு ஓடினதற்காக வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் காலையில் நானா காரைத் துடைக்கும்போது போய் நேரே கேட்டேன். "என்ர கையால என்ன தந்தா நீங்கள் சாப்பிடுவியள்?"

அவர் யோசித்தார். "வாழைப்பழம் தாங்க" என்றார். "தோல் இரிக்கிதானே."

அன்றில் இருந்து அவருக்கு வாழைப்பழம். சில நாள் தோடம்பழம். கோவாக்காரன் தன்னுடைய பாண் எங்கே என்று சொல்லியனுப்பினான். எனக்கு என்ன வேலை, அவன் யார் எனக்கு என்று இரண்டு நாள் கோபத்தோடு இருந்தேன். மூன்றாம் நாள் அவனுக்கும் ஒன்று சுற்றினேன், பன்றிதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் நான் நீட்டுவதை யாராவது மறுபேச்சுப் பேசாமல் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டால், எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வருகிறது.