பகலில் தூங்க ஒரு மாத்திரை

பாட்டில் செய்யும் கம்பெனியில் நைட் ஷிப்டுக்கு மாறிய மூன்றாவது மாதம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. காலை ஏழரைக்கு கம்பெனி பஸ் சோரியாங்குப்பத்தில் இறக்கிவிடும். குளித்து, சாப்பிட்டு, ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுப்பேன். கண் மூடும். காதுக்குள் மட்டும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கை ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள். ஒலியமைடு என்று பெயர்.

"தூக்க மாத்திரை இல்லக்கா. கொழுப்பு அமிலத்துலேர்ந்து செய்றாங்க. நம்ம உடம்புலயே கொஞ்சம் ஊறுமாம். டாக்டர கேட்டுட்டுப் போடு" என்றாள் போனில்.

நான் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலை போட்டுக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து இறங்கும்போது எங்கள் நெல் வயலில் தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் பாயில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். விடிந்த பிறகு தூங்குகிற ஆளே இல்லை அவர். உலுக்கி எழுப்பினேன்.

"இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"மோட்டார போட்டுட்டு வந்து அந்த மாத்திரையில ஒண்ணு முழுங்குனேன். சும்மாதான் சாய்ஞ்சேன்."

"உங்களுக்கு எதுக்கு அது?"

"நீ முழுங்கறதுக்கு முன்னாடி பாக்கலாம்னுதான். உனக்கு ஒண்ணு ஆயிட்டா இன்னா பண்றது?"

தண்ணீர் வரப்பைத் தாண்டியதைச் சொன்னேன். பக்கத்து வயல்காரரிடம் சமாதானம் பேசிவிட்டு வந்து வாசலிலேயே இருப்பதாகச் சொல்லி அவர் கிளம்பினார். நான் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

போர்வை வழியாக வந்த வெயில் சுவரில் மஞ்சளாக அசைந்தது. கொஞ்ச நேரத்தில் பாதம் கனத்தது, பிறகு முழங்கால். வெளியே கரும்புத் தோகை உரசுகிற சத்தம் மெல்ல மெல்லப் பெரிதாகி மெஷின் சத்தத்தின் மேல் படர்ந்தது. வயலெல்லாம் தண்ணீர் ஏறுகிறது. நான் மல்லாந்து மிதக்கிறேன். கம்பெனி பாட்டில்கள் என்னைச் சுற்றி ஆயிரக்கணக்கில் மிதக்கின்றன. ஒன்றோடொன்று இடித்தும் சத்தமே வரவில்லை. அவற்றை எண்ணவும் யாரும் சொல்லவில்லை.

கண் விழித்தபோது மணி மூன்று. அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மீன் வண்டிக்காரரிடம் தெருமுனையிலேயே ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லியிருக்கிறார். நடுவில் நான்கு தரம் உள்ளே வந்து நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்தாராம்.

அந்த வாரமே என்னை பாகூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இத மனுசங்களுக்குக் குடுத்து பெருசா சோதிக்கல. நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. தெனமும் வேணாம். மொதல்ல ஷிப்ட மாத்திக் கேளும்மா" என்றார்.

கேட்டேன். இரண்டு மாதம் இழுத்தடித்து, பகல் ஷிப்ட் கொடுத்தார்கள். அதற்குள் நாலைந்து தரம் மாத்திரை போட்டிருப்பேன். சில நாள் தூக்கம் வந்தது, சில நாள் வரவில்லை. முதல் நாள் தூங்கவைத்தது மாத்திரையா, வாசலில் ஆள் இருக்கிறது என்ற தைரியமா, எனக்குத் தெரியாது.