மாஸ்டருக்காக நான் ஊதிய மூச்சு

அன்று ஆஸ்பத்திரி அறையில் டாக்டர் இருந்தார். நோட்டை விரித்துக்கொண்டு சிஸ்டர் இருந்தார். எங்கள் பரோட்டா மாஸ்டர் இருந்தார். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், சாம்பார்த் தூக்குவாளியோடு இருந்தார். உடைந்த பல்லோடு நான் இருந்தேன். மேசை மேல் அந்த ஊதுகுழாய். பிளாஸ்டிக். ஊதினால், மூச்சின் பலத்துக்கு ஏற்பச் சிவப்பு முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும்.

கேரளத்தில், கழக்கூட்டத்து ஹோட்டலில் எங்களுக்கு வேலை. மாஸ்டர் நூற்றுப் பத்துக் கிலோ. ஆஸ்துமா வேறு. சர்க்கரை வியாதிக்கான ஒரு மாத்திரை, குண்டானவர்களின் ஆஸ்துமாவுக்குக் கேட்குமா என்று ஓர் ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். அவரும் சேர்ந்தார். மருந்துள்ள மாத்திரையா, சும்மா மாத்திரையா என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாதாம். தினமும் காலையில் மூன்று முறை ஊத வேண்டும். பெரிய எண்ணை நோட்டில் எழுத வேண்டும். மாஸ்டருக்கு எழுத வராது. நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுதுவது என் வேலை ஆனது.

முதல் நாள் நூற்று எழுபது. டீ அடிக்கிறவன் சிரித்தான். "மாஸ்டரே, வயித்துல இருக்க காத்தெல்லாம் எங்க போச்சு?" மாஸ்டர் அவன் கையைப் பிடித்துப் பரோட்டாக் கல்லில் வைத்து அழுத்தினார். தோல் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டிவிட்டு அடுத்த பரோட்டாவைப் போட்டார்.

மறுநாள் குழாயை என்னிடம் நீட்டினார். "நீ ஊதுலே. எண்ணு கொறஞ்சா ஆஸ்பத்திரிக்காரனுவ வெளிய தள்ளிருவானுவ. மருந்து போச்சுன்னா கல்லும் போச்சு."

ஊதினேன். நானூற்று எண்பது. எழுதினேன். அப்படியே நாள் போனது. ஒரு நாள் மட்டும் மனசு கேட்காமல், அவரை ஊதச் சொல்லி, உள்ளதை எழுதினேன். எழுதியதை அவரிடமே சொன்னேன். பரோட்டா திருப்பும் இரும்புச் சட்டுவத்தால் வாயில் அடித்தார். பல் மாவில் விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டு அந்த மாவையே பிசைந்தோம்.

நோட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று சிஸ்டர், "சேட்டா, இப்ப ஒண்ணு ஊதுங்க" என்றார். நூற்று ஐம்பது. நோட்டைப் பார்த்தார். இரண்டு நாள் தவிர எல்லாம் நானூறுக்கு மேல். "அப்ப இது ஆரு ஊதினது?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

மாஸ்டர் என் குரல்வளையைப் பிடித்துச் சுவரில் மோதினார். இரண்டாம் முறையும் மோதினார். மதினி தூக்குவாளியால் அவர் முதுகில் ஓங்கி அடித்தார். "விடுங்க! ஒங்களுக்காக ஊதினவன் மூச்சையே நிறுத்தப் பாக்கியளா?" சுவரெல்லாம் சாம்பார். பிறகு பிடி தானாகத் தளர்ந்தது. மாஸ்டரின் உதடு நீலமானது. கழுத்தை நெரித்த அதே விரல்கள் என் சட்டையைப் பிடித்துத் தொங்கின. நாலு பேர் சேர்ந்து கட்டிலில் ஏற்றி, ஆக்சிஜன் வைத்தார்கள்.

அன்று பிழைத்தார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "இந்த நோட்டுல ரெண்டு நாள் தவிர அவர் மூச்சே இல்ல. தெரிஞ்சிருந்தா முன்னாடியே பாத்திருப்போம்" என்றார். பரிசோதனையிலிருந்து மாஸ்டரை எடுத்துவிட்டார்கள். மாத்திரை அவருக்குக் கேட்டதா என்று யாருக்கும் தெரியாமலே போனது. அடுத்த மழைக்காலத்தில், கல்லுக்குப் பக்கத்திலேயே விழுந்து இறந்தார்.

அவரை மன்னித்தாயா என்று மதினி ஒருமுறை கேட்டார். மாஸ்டர் பயந்தார், அடித்தார். நான் பயந்தேன், எழுதினேன். இரண்டும் அவர் நெஞ்சில்தான் போய் விழுந்தது.

ஊதுகுழாயை மதினி என்னிடம் கொடுத்தார். கல்லும் எனக்கு வந்தது. மாவுத் தூசி, எண்ணெய்ப் புகை, எட்டு வருஷம். இப்போது நானும் நூறு கிலோவைத் தாண்டிவிட்டேன். படி ஏறினால் நெஞ்சு விசிலடிக்கிறது. இன்று காலை குழாயை எடுத்தேன். பக்கத்தில் நின்றவனிடம் நீட்டவில்லை. நானே மூன்று முறை ஊதினேன். பெரியதை எழுதினேன்.

இருநூற்று நாற்பது.